ஓநாய்: 11.00 முதல் 11.45 வரை

போன வருஷம் ஆகஸ்ட் மாசம் நான் போட்ட எக்செல் ஷீட் இன்னும் என் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. அதுல ஒரு வரி இப்படிப் போகும்: "ஓநாய் – லமார் பள்ளத்தாக்கு – 11.00 முதல் 11.45 வரை." பக்கத்துல ஒரு கட்டம். பார்த்து முடிச்சதும் டிக் அடிக்க.

சிரிங்க, பரவாயில்லை. இப்ப நானே சிரிச்சுக்கறேன். ஆனா அந்த ஷீட்டைப் போட்ட அன்னிக்கு நாங்க நாலு பேரும் அதை என்னமோ ஆடிட் ரிப்போர்ட் மாதிரி பெருமையா பார்த்தோம்.

விஷயத்துக்கு வர்றேன். வர்ற ஜூன் மாசம் அதே நாலு பேர், அதே கார், அதே எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. பிளான் போடற வேலை மறுபடியும் என் தலையில. (பி.காம் படிக்கறவனுக்குக் கணக்கு வரும்னு இன்னும் நம்பற அப்பாவிகள் இருக்காங்க.) போன வாரம் எங்க கிச்சன்ல உட்கார்ந்து பேசினோம். பேச்சு சண்டையில முடிஞ்சுது. அன்னிக்குக் கோபத்துல ஒழுங்கா சொல்ல வராததை இங்க நிதானமா எழுதிடலாம்னு பார்க்கறேன். என் கட்சி இதுதான்: பயணத்துக்குப் பிளான் போடறவனோட முதல் வேலை, எதையெல்லாம் பார்க்காம விடப்போறோம்னு முடிவு பண்றது. மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக அந்த ஊரைப் பத்திக் கொஞ்சம்.

எல்லோஸ்டோன் அமெரிக்காவுல இருக்கு. பெரும்பகுதி வயோமிங் மாநிலம், ஓரம் மட்டும் மொன்டானாவும் ஐடஹோவும். 1872ல ஆரம்பிச்சது, உலகத்தோட முதல் தேசியப் பூங்கான்னு சொல்வாங்க. பரப்பு கிட்டத்தட்ட 9,000 சதுர கி.மீ. அதுக்கு நடுவுல இருக்கறது ஒரு எரிமலை. கூம்பு மாதிரி மலை ஒண்ணு, உச்சியில புகைன்னு தேடினீங்கன்னா கிடைக்காது. சுமார் 6,40,000 வருஷத்துக்கு முன்னாடி அது வெடிச்சப்போ, அடியில இருந்த கற்குழம்பு வெளியே போய், மேல இருந்த தரை அப்படியே உள்ள இறங்கிடுச்சு. அந்தப் பள்ளத்தோட நீளம் சுமார் 70 கி.மீ., அகலம் 45 கி.மீ. அதுக்குள்ளயே கார்ல போயிட்டு, "எரிமலை எங்கடா?"ன்னு கேட்ட ஆள் நான்.

அடியில சூடு இன்னும் இருக்கு. அதனாலதான் பூங்கா முழுக்க பத்தாயிரத்துக்கும் மேல கொதிநீர்க் குளம், சேத்துக் குழி, ஆவி வர்ற ஓட்டைன்னு இருக்கு. அதுல 500க்கும் மேல தண்ணியைப் பீய்ச்சி அடிக்கற ஊற்றுகள். இங்கிலீஷ்ல அதுக்குக் கீசர்னு பேர். (ஆமா, நம்ம வீட்டு பாத்ரூம்ல மாட்டியிருக்கறதும் அந்தப் பேர்தான்.) உலகத்துல இருக்கற கீசர்கள்ல பாதி இந்த ஒரே பூங்காவுல இருக்கு. இது போதாதுன்னு காட்டெருமை, எல்க் மான், கருங்கரடி, கிரிஸ்லி கரடி, ஓநாய்.

ஊர்ல இருக்கற அம்மாகிட்ட போன்ல சொன்னதும் முதல் கேள்வி, "அது எப்போ வெடிக்கும்?" நானும் தேடிப் பார்த்து பதில் சொன்னேன். ஒரு வருஷத்துல பெரிய வெடிப்பு நடக்கறதுக்கான வாய்ப்பு சுமார் 7,30,000ல ஒண்ணுன்னு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை கணக்குச் சொல்லுது. அம்மாவுக்கு நிம்மதி. அந்தப் பயணத்துல எங்களைக் கொன்னிருக்கக்கூடிய விஷயம் வேற ஒண்ணு இருந்துச்சு. அதோட வாய்ப்பு இதைவிட ரொம்ப அதிகம். அதை நான் கணக்கே போடலை.

நாங்க இருக்கறது கனடாவுல, கால்கரியில. இங்கேயிருந்து பூங்காவோட வடக்கு வாசல்ல இருக்கற கார்டினர் ஊருக்கு சுமார் 950 கி.மீ. ஆகஸ்ட் முதல் திங்கள் இங்க லீவு. சனி, ஞாயிறு, திங்கள், மொத்தம் மூணு நாள். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிச்சா மிச்சம் எவ்வளவுன்னு மூணாம் கிளாஸ் பையன் சொல்லிடுவான். நான் அந்த மிச்சத்துல இருபத்தேழு இடம் போட்டிருந்தேன்.

நாலு பேர் யாருன்னா: கார்க்காரன் (கார் அவனோடது, என் ரூம்மேட், மதுரைப் பையன்), டொரண்டோக்காரன் (அங்கேயே பொறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இன்னொரு டிரைவர்), கேமராக்காரன் (பஞ்சாப்லேர்ந்து வந்தவன், எங்க கிளாஸ்லயே நல்ல மார்க் வாங்கறவன்), அப்புறம் நான். எனக்கு லைசென்ஸ் கிடையாது. வழி சொல்றதும் டிரைவரைத் தூங்க விடாம பேச்சுக் கொடுக்கறதும் என் வேலை.

சனிக்கிழமை ராத்திரி 3 மணிக்குக் கிளம்பி, பார்டர்ல வரிசையில நின்னு, சாயங்காலம் கார்டினர் போய்ச் சேர்ந்தோம். ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்குக் கிளம்பி ஓல்ட் ஃபெய்த்ஃபுல். உலகத்துல ரொம்பப் பேர் போன கீசர் இதுதான். சராசரியா ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அடிக்கும். நாங்க போய் வண்டியை நிறுத்தறப்போ ஜனங்க எல்லாம் எழுந்து திரும்பி வந்துட்டிருக்காங்க. இப்பத்தான் அடிச்சு முடிச்சுதாம். என் ஷீட்ல அதுக்கு ஒதுக்கினது 30 நிமிஷம். காத்திருந்தா அடுத்த அஞ்சு இடம் போயிடும். கிளம்பிட்டோம். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டுப் போய், ஒண்ணரை மணி நேரம் உட்கார மனசில்லாம ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லைப் பார்க்காம வந்தவங்க நாங்க.

அடுத்தது கிராண்ட் பிரிஸ்மாட்டிக். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு வட்டம் வட்டமா இருக்குமே, போஸ்ட்கார்டுல எல்லாம் வருமே, அந்தக் கொதிநீர்க் குளம். வண்டி நிறுத்த இடம் கிடைக்கவே 40 நிமிஷம். உள்ள போனா ஒரே ஆவி. காலைக் குளிர்ல ஆவி அதிகமா எழும்பும், நிறம் தெரியாது, மத்தியானம் போகணும்னு பக்கத்துல நின்ன ஒரு அம்மா சொன்னாங்க. பத்து நிமிஷம் வெள்ளைப் புகையைப் பார்த்துட்டு டிக் அடிச்சோம்.

அப்புறம் ஹேடன் பள்ளத்தாக்கு. ரோட்டுல காட்டெருமைக் கூட்டம். ஒண்ணு ரெண்டு இல்லை, ரோடு முழுக்க. முன்னாடி முப்பது கார், பின்னாடி முப்பது கார். அதுங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. ஒண்ணு ரோட்டு நடுவுல நின்னு எங்களையே பார்த்துக்கிட்டு அசை போட்டுச்சு. அம்பது நிமிஷம் போச்சு. இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு: அந்த அம்பது நிமிஷமும் நாங்க அதுங்க மேல கோபமா இருந்தோம். எதைப் பார்க்கறதுக்காக 950 கி.மீ. வந்தோமோ, அது கண்ணு முன்னாடி நிக்கறப்போ, "லேட் ஆகுதே"ன்னு வாட்சைப் பார்த்துட்டு இருந்தோம்.

பொறுமை போன கேமராக்காரன், "இறங்கி ஒரு போட்டோவாவது எடுத்துக்கறேன்"னு இறங்கிட்டான். பத்து மீட்டர் இருக்கும். ஆகஸ்ட் மாசம் காட்டெருமைக்கு இணை சேர்ற காலம், ஆண் எருமை சும்மாவே சூடா இருக்கும்ங்கறது அப்ப எங்க யாருக்கும் தெரியாது. பின் காரிலேர்ந்து ஒரு பெரியவர் கத்தினார், "வாலைப் பாரு! வாலைப் பாரு!"ன்னு. வால் நட்டுக்கா நின்னுச்சு. அது கோபத்துக்கான அடையாளமாம். அவன் ஓடி வந்து கதவைச் சாத்தறதுக்கும் அது ரெண்டு எட்டு பாய்ஞ்சு நிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. ஆண் காட்டெருமை 900 கிலோ வரைக்கும் இருக்கும், மணிக்கு 55 கி.மீ. வேகத்துல ஓடும். இந்தப் பூங்காவுல வேற எந்த மிருகத்தையும்விட அதிகமா ஜனங்களைக் காயப்படுத்தியிருக்கறது அதுதான். இதெல்லாம் நான் திரும்பி வந்தப்புறம் படிச்சது. போறதுக்கு முன்னாடி படிச்சது ஹோட்டல் ரிவ்யூ மட்டும்.

திங்கள் காலை 11.00 மணிக்கு லமார். வெயில்ல புல்வெளி. ஓநாய் 11.45 வரைக்கும் வரலை. (அதுக்கு ஷீட்டை ஈமெயில் பண்ண மறந்துட்டேன்.) ரோட்டோரத்துல டெலஸ்கோப்பை மடிச்சு கார்ல வெச்சுட்டிருந்த ஒரு தாத்தா பாட்டி, விடிகாலையில ஆறு ஓநாய் பார்த்தோம்னு சொன்னாங்க. அந்த நேரத்துல நாங்க கார்டினர்ல காலை டிபனுக்கு வரிசையில நின்னுட்டிருந்தோம்.

அதுக்கப்புறம்தான் முக்கியமான வரி. என் ஷீட்டோட கடைசி வரி: "திரும்புதல்." எந்த ஊர்ல நிக்கறோம், யார் எப்போ ஓட்டறாங்கன்னு ஒரு விவரமும் இல்லை. இருபத்தேழு இடத்துக்கு நிமிஷக் கணக்கு போட்டவன், 950 கி.மீ. ராத்திரிப் பயணத்துக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தேன்.

ராத்திரி 12 மணி இருக்கும். லெத்பிரிட்ஜ் தாண்டியாச்சு. கார்க்காரன் ஓட்டறான். மூணு நாள்ல அவன் மொத்தமா தூங்கினது பத்து மணி நேரம்கூட இருக்காது. பக்கத்துல பேச்சுக் கொடுக்க வேண்டிய நான் அவனுக்கு முன்னாடியே தூங்கிட்டேன். திடீர்னு 'டர்ர்ர்ர்'னு சத்தம். இந்த ஊர்ல ரோட்டோரத்துல வரிசையா கீறல் போட்டு வெச்சிருப்பாங்க, டயர் ஏறினா வண்டியே அதிர்ற மாதிரி. அந்தச் சத்தத்துல அவன் முழிச்சு ஸ்டியரிங்கைத் திருப்பினான். இடது பக்கம் திரும்பியிருந்தா எதிர்ல வந்த லாரி. அவன் திருப்பினது கொஞ்சமாத்தான். அதனால இதை எழுதிட்டிருக்கேன்.

அடுத்து வந்த பெட்ரோல் பங்குல நிறுத்தினோம். யாரும் பேசலை. விடியற வரைக்கும் கார்லயே தூங்கினோம். தூங்கினோம்னு சொல்றேன், நான் தூங்கலை. அம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. (அம்மா இதையெல்லாம் படிக்க மாட்டாங்க. படிக்கற சொந்தக்காரங்க யாராவது இருந்தா, தயவு செஞ்சு வேண்டாம்.)

சரி, இப்ப சண்டைக்கு வருவோம்.

போன வருஷம் நாங்க கொடுத்த நுழைவுக் கட்டணம் காருக்கு 35 டாலர், ஏழு நாளைக்கு. தலைக்கு 8.75. 2026 ஜனவரி 1லேர்ந்து புது விதி. அமெரிக்காவுல வசிக்காத, 16 வயசோ அதுக்கு மேலயோ ஆனவங்க, எல்லோஸ்டோன் உட்பட 11 பூங்காக்கள்ல தலைக்கு 100 டாலர் கூடுதலா கட்டணும். அப்ப எங்க நாலு பேருக்கு 435. தலைக்கு 108.75. வெளிநாட்டுக்காரங்களுக்கு 250 டாலர்ல ஆண்டு அட்டைன்னு ஒண்ணும் இருக்கு. அதை நாலா பிரிச்சாலும் தலைக்கு 62.50. எப்படிப் பார்த்தாலும் போன வருஷத்தைவிட பல மடங்கு. ஸ்டூடன்ட்ஸ் எங்களுக்கு இது விளையாட்டில்லை, பார்ட் டைம் வேலையில ஒரு நாள் சம்பளம்.

கார்க்காரன் சொன்னான், "இவ்ளோ காசு குடுக்கறோம்ல மச்சி, அப்ப எல்லாத்தையும் பார்த்துரணும். கிராண்ட் டீட்டனையும் சேர்த்துக்க." மேலோட்டமா பார்த்தா ரொம்ப நியாயமா இருக்கு. இங்கதான் நான் மாட்டேன்னு சொன்னேன்.

முதல் வருஷப் பாடத்துலயே வருது. கட்டின காசு கட்டினதுதான். அது திரும்பி வராது. அதனால அடுத்து என்ன பண்ணலாம்னு முடிவு எடுக்கறப்போ அதைக் கணக்குலயே சேர்க்கக் கூடாது. பரீட்சையில இதை எழுதி பத்துக்கு ஒன்பது வாங்கினவங்க நாங்க. அதே ஆளுங்க, "காசு கட்டியாச்சு, அதனால இன்னும் வேகமா ஓடணும்"னு பேசறோம். பஃபேல காசு கொடுத்துட்டோமேன்னு வயிறு வலிக்கற வரைக்கும் சாப்பிடற கதைதான். 435 டாலர் நாலு இடம் பார்த்தாலும் போயிடும், நாப்பது இடம் பார்த்தாலும் போயிடும். இனிமே நம்ம கையில இருக்கற உண்மையான முதல், நேரமும் தூக்கமும்தான். அதை எதுல போடறோம்ங்கறதுதான் கேள்வி. ஒண்ணுல போட்டா இன்னொண்ணை இழக்கறோம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்ல மிச்சம் பிடிச்ச ஒண்ணரை மணி நேரத்தை நாங்க பார்க்கிங் வரிசையில செலவு பண்ணினோம்.

ரெண்டாவது காரணம் அந்த இடமே. அது யாரோட டைம் டேபிளுக்கும் கட்டுப்படாது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லையே முன்ன பின்ன பத்து நிமிஷம்னுதான் கணிச்சுச் சொல்ல முடியுது. ஸ்டீம்போட்னு ஒரு கீசர் இருக்கு, 90 மீட்டருக்கு மேல அடிக்கும், எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது. 2022 ஜூன்ல வெள்ளம் வந்து வடக்கு வாசல் ரோட்டையே அடிச்சுட்டுப் போயிடுச்சு. மொத்தப் பூங்காவையும் மூடி, உள்ள இருந்தவங்களை வெளியேத்தினாங்க. 2024 ஜூலை 23 அன்னிக்கு பிஸ்கட் பேசின்ல பூமிக்கு அடியில தண்ணி ஆவியாகி வெடிச்சு, ஜனங்க நடக்கற மரப்பாதையே சிதறிப் போச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ரோடும் நம்ம ஹைவே மாதிரி இல்லை. எட்டு வடிவத்துல சுத்தி வர்ற ரோடு சுமார் 229 கி.மீ., அதிகபட்ச வேகம் மணிக்கு 72 கி.மீ., அதுவும் காட்டெருமை அனுமதிச்சா. இப்படிப்பட்ட ஊருக்கு நிமிஷக் கணக்குல பிளான் போட்டா, முதல் தடங்கல்லயே பிளான் உடையும். அதை ஈடு கட்ட ஓட ஆரம்பிப்போம்.

மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ஓடறப்போதான் தப்பு நடக்குது. எங்களுக்கு நடந்ததை சொல்லிட்டேன். எங்க வயசுதான், 23 வயசுப் பையன் ஒருத்தன், 2016 ஜூன்ல நோரிஸ் பகுதியில மரப்பாதையை விட்டு வெளியே போய், கொதிநீர்க் குளத்துல விழுந்து செத்துப் போனான். அங்க தரை பல இடத்துல மெல்லிசா அப்பளம் மாதிரி இருக்கும், அடியில கொதிக்கற தண்ணி. அதே வருஷம் மே மாசம், காட்டெருமைக் கன்னு ஒண்ணு குளிருதுன்னு நினைச்சு, வந்தவங்க அதைத் தூக்கிக் கார்ல போட்டுட்டாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா கூட்டம் அதை மறுபடி சேர்த்துக்கலை. கன்னு ரோட்டுக்கே திரும்பத் திரும்ப வந்துச்சு. கடைசியில அதைக் கொல்ல வேண்டியதாப் போச்சு. அந்தக் கார்ல இருந்தவங்க கெட்டவங்கன்னு எனக்குத் தோணலை. நின்னு ஒரு மணி நேரம் பார்த்திருந்தா, இல்லை ஒரு ரேஞ்சரைக் கேட்டிருந்தா, கன்னு உயிரோட இருந்திருக்கும்னு மட்டும் தோணுது. மிருகத்தை நாம நெருங்கறது நமக்கு மட்டும் ஆபத்துன்னு நினைச்சுட்டிருந்தேன். செத்தது கன்னுக்குட்டி.

எதிர்க்கட்சியோட வாதத்தையும் மறைக்காம சொல்லணும். கேமராக்காரன் அன்னிக்குக் கடைசியா மெதுவாத்தான் பேசினான். "உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. எனக்கு இந்த செமஸ்டரோட முடியுது. வேலை கிடைக்கலைன்னா அடுத்த வருஷம் நான் இந்த நாட்டுல இருப்பேனான்னே தெரியாது. அமெரிக்க விசா மறுபடி எப்போ கிடைக்கும்னும் தெரியாது. எதையும் விட்டுட்டு வர்றது உனக்கு ஈஸி."

இதுக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்லை. ராத்திரி முழுக்க யோசிச்சேன். திரும்ப வர முடியும்ங்கறவனுக்கு எதையும் விடறது சுலபம்தான். ஊர்லேர்ந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்றவங்களும் இதையேதான் சொல்வாங்க, இன்னொரு தடவை இவங்களால வர முடியுமான்னு. அவங்க அவசரத்தைக் கிண்டல் பண்ண எனக்கு உரிமையில்லை.

ஆனா அவனுக்கு நான் சொல்ல நினைக்கறது இதுதான். போன தடவை நீ 27 இடத்துல 19 இடம் டிக் அடிச்சே. இப்ப கண்ணை மூடிட்டு யோசிச்சா எத்தனை ஞாபகம் வருது? எனக்கு ரெண்டு. ஒண்ணு, அந்த எருமையோட வால். இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாத்ரூம் தேடி வழி மாறிப் போய் நின்ன இடம். ஆத்தோரம், தண்ணியிலேர்ந்து ஆவி, எதிர்க்கரையில ஒரு எல்க் மான் தண்ணி குடிச்சது. இருபது நிமிஷம் நாலு பேரும் வாயைத் திறக்கலை. அது என் ஷீட்லயே இல்லை. ஒரே ஒரு தடவைதான் வர முடியும்னா, அந்த ஒரு தடவையை ஞாபகத்துல நிக்கற மாதிரி செலவு பண்ணணும்னுதான் நான் கேட்கறேன்.

அதனால இந்த வருஷப் பிளான் இப்படி. தப்பிருந்தா சொல்லுங்க.

ஆறு நாள். போக ஒண்ணு, வர ஒண்ணு, நடுவுல முழுசா நாலு. ஜூன் முதல் வாரம், ஜூலைக் கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. காட்டெருமைக் கன்னுகள் சின்னதா, செம்பட்டை நிறத்துல அம்மா பின்னாடியே ஓடற பருவம். குளிரும், பனிகூட விழலாம், ஸ்வெட்டர் எடுத்துக்கணும்.

ரெண்டு ராத்திரி வடக்குப் பக்கம், ரெண்டு ராத்திரி மேற்குப் பக்கம். தினமும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தா பாதி நாள் ரோட்டுலயே போயிடும்.

விடியற நேரமும் அந்தி நேரமும் காலி. எந்த இடத்தோட பேரும் எழுத மாட்டேன். லமார்ல ஓரமா வண்டியை நிறுத்திட்டு, பிளாஸ்க்ல டீயை வெச்சுட்டு உட்கார்றோம். மிருகங்க நடமாடறது அப்பத்தான். வந்தா வரட்டும். மத்தியானத்துக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்ல ரெண்டு தடவை அடிக்கற வரைக்கும் உட்கார்றோம். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் மத்தியானம்.

காட்டெருமை, மானுக்குக் குறைஞ்சது 23 மீட்டர் தூரம். கரடி, ஓநாய்க்கு 91 மீட்டர். இது பூங்காவோட விதி. அளவு தெரியலைன்னா கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலைத் தூக்கிப் பாருங்க. மிருகம் முழுசா விரலுக்குப் பின்னாடி மறையலைன்னா நீங்க நிக்கறது ரொம்பக் கிட்ட. கேமராக்காரனுக்கு லென்ஸ் வாடகைக்கு எடுக்க நாலு பேரும் காசு போடறோம். மரப்பாதையை விட்டு யாரும் இறங்கறதில்லை.

டிரைவர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறணும். இருட்டினப்புறம் வண்டி ஓடாது. வழியில கிரேட் ஃபால்ஸ்ல தங்க வேண்டி வந்தா தங்கறோம். ரூம் காசை நான் இப்பவே பட்ஜெட்ல தனியா வெச்சிருக்கேன். ஓட்டறவன் "முடியலை"ன்னு சொன்னா யாரும் மறு பேச்சு பேசக் கூடாது.

உள்ள பல இடத்துல செல்போன் சிக்னல் கிடையாது, மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கணும். கிளம்பற அன்னிக்குக் காலையில எந்த ரோடு மூடியிருக்குன்னு பூங்காவோட தளத்துல பார்த்துடணும். அப்புறம் ஒரு சமையல் குறிப்பு: அந்த உயரத்துல தண்ணி சுமார் 93 டிகிரியிலயே கொதிச்சுடும், சோறு சீக்கிரம் வேகாது. குக்கர் எடுத்துட்டுப் போறோம். (டொரண்டோக்காரன், "காட்டுக்குப் போறதுக்கும் உங்களுக்கு விசில் வேணுமாடா?"ன்னு கேட்டான். வேணும்.)

விட்டது: கிராண்ட் டீட்டன், பேர்டூத் மலை ரோடு, கோடி நகரம், ஏரியோட கிழக்குப் பக்கம், இன்னும் பத்துப் பன்னிரண்டு கொதிநீர்க் குளம். எல்லாமே அழகுன்னு தெரியும். தெரிஞ்சேதான் விடறேன்.

கடைசியா ஒரு விஷயம். எல்லோஸ்டோன்ல ஓநாயை எல்லாம் வேட்டையாடி 1926ல அடியோட ஒழிச்சுட்டாங்க. கிட்டத்தட்ட எழுபது வருஷம் அங்க ஓநாய்க் கூட்டமே இல்லை. அப்புறம் 1995ல பதினாலு ஓநாயைப் பிடிச்சுக் கொண்டு வந்து விட்டாங்க. எங்கேயிருந்து தெரியுமா? எங்க ஆல்பர்ட்டாவுலேர்ந்துதான். அதுவும் நாங்க போற அதே வடக்கு வாசல் வழியா, லாரியில. அந்த இடத்துக்குப் பழகட்டும்னு ஏறக்குறைய பத்து வாரம் வேலி போட்ட அடைப்புக்குள்ள வெச்சிருந்தாங்க. மார்ச் மாசம் கதவைத் திறந்து விட்டா, ஓநாய்ங்க உடனே வெளியே வரலை. வேலியில வேற பக்கம் ஓட்டை போட்டு, காத்திருந்து, தானா வர்ற வரைக்கும் பொறுத்துக்கிட்டாங்க. எத்தனையோ வருஷம் பிளான் போட்டவங்க, கடைசியில ஓநாய்க்காகக் காத்திருந்தாங்க. இதைப் படிச்ச அன்னிக்குத்தான் அந்த 11.00 முதல் 11.45 வரியை நினைச்சு எனக்கு முதல் தடவையா சிரிப்பு வந்துச்சு.

ஓட்டெடுப்பு வர்ற ஞாயித்துக்கிழமை. டொரண்டோக்காரன் என் பக்கம். கார்க்காரன் இன்னும் கிராண்ட் டீட்டனை விடலை, ஆனா இருட்டுல ஓட்டக் கூடாதுங்கற விதிக்கு மட்டும் முதல் ஆளா தலையாட்டினான். ஏன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். கேமராக்காரன் இன்னும் ஒண்ணும் சொல்லலை. இதைப் படிச்சுட்டுச் சொல்றேன்னிருக்கான்.

நீங்க என்ன சொல்றீங்க? ஒரே ஒரு தடவைதான் போக முடியும்னா, எல்லாத்தையும் பார்ப்பீங்களா, கொஞ்சத்தை மட்டும் பார்ப்பீங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா எனக்கு உதவியா இருக்கும்.